வெளுக்காத நிறம்

புல்லுஸ் என்பது
பழுப்புக்கும் கறுப்புக்கும் நடுவே ஓர் ஆட்டின் முதுகு.
லத்தீனில் கோழிக்குஞ்சும் புல்லுஸ்தான்;
சொந்தமில்லை,
ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நிறத்தின் வாலில் ஆத்துஸ் ஒட்டினால்
புல்லாத்துஸ்:
அந்தக் கம்பளியை உடுத்தவன்.
பார்வைக்கு இறந்தகாலப் பெயரெச்சம்,
நனைத்த, தோய்த்த, பிழிந்த என்பதுபோல.
வினையைத் தேடிப் போனால்
வினை கிடையாது.
யாரும் எதையும் தோய்க்கவில்லை.
ஆடு அப்படியே பிறந்தது.

ஓஸ்தியா துறைமுகத்தில், கயிற்றுக் கடைகளுக்குப் பின்னால்
ஓஃபிலியுஸின் சலவைக்கூடம்.
வாசலில் வழிப்போக்கர் நின்று நிரப்பிப் போகும் ஜாடி.
உள்ளே தொட்டியில் இறங்கி
மூத்திரத்தில் ஊரின் அங்கிகளை மிதிக்கிறான்
நிக்கேஃபோர்.
பிறகு களிமண். பிறகு கந்தகப் புகை.
கடைசியில் சுண்ணத்தூள், உள்ளங்கையால் தேய்த்து.
பதவி கேட்டு நிற்பவர்
மறுநாள் பால்போல நடந்து போவார்.
மிதித்தவன் மேலோ
ஆட்டின் நிறம்.

கந்தகம் தின்ற நெஞ்சோடு
மார்ச் மாதம் ஓஃபிலியுஸ் போனான்.
அவனுக்கு உடுத்திய அங்கியை
நிக்கேஃபோர் இரண்டு முறை வெளுத்தான், கேட்காமலே.
தெர்த்துல்லா பெட்டியின் அடியிலிருந்து
கறுத்த கம்பளியை எடுத்துச் சுற்றிக்கொண்டாள்.
புல்லாத்தா. பெண்பால், ஒருமை, எழுவாய்.
என் காதில் மட்டும் அது
புல்லாத என்று விழுகிறது:
தழுவாத, தழுவப்படாத.
அகராதி ஒப்புக்கொள்ளாது. நானும் வற்புறுத்தவில்லை.

படிக்கட்டில் இருவர், ஒரே நிறம்.
அவள்மேல் அது துக்கம்,
அவன்மேல் அது கூலி.
சேர்த்துச் சொன்னால் புல்லாத்தி, ஆண்பால் பன்மை.
நூறு விதவைகளுக்கு நடுவே ஒரு நிக்கேஃபோர் வந்து நின்றாலும்
ஈறு அவன் பக்கம் சாய்ந்துவிடும்.
நமக்குப் பலர்பால் இருக்கிறது;
வந்தார்கள் என்றால்
வேட்டியா சேலையா என்று யாரும் கேட்பதில்லை.
ரொம்பவும் பெருமைப்பட வேண்டாம்.
நாடகக் கொட்டகையில் இவர்களை மேல்வரிசைக்கு ஏற்றிவிட்டு
கூட்டம் என்று அஃறிணையில் எழுதினார்கள் அவர்கள்.
கூட்டம் கலைந்தது என்றுதான்
நாமும் எழுதுகிறோம்.

விதவைக்குப் பத்து மாதம் என்பது அங்கே வழக்கு.
பதினோராம் மாதம் தொட்டி இரண்டும் கடன்காரனுக்குப் போயின.
அவள் அதே உடையில்
வாசலைப் பெருக்கினாள்.
எந்தக் காலையில்
துக்கம் இறங்கி வறுமை ஏறிக்கொண்டது?
சொல்லில் அதற்குக் குறியில்லை.
ஈறு மாறவில்லை, நெடில் குறுகவில்லை,
வயிறு மட்டும்.

"வெளுத்துத் தரவா?" என்றான் நிக்கேஃபோர்.
"பிறவிக் கறுப்பு. கந்தகம்தான் வீண்."

புல்லாத்திஸ் என்று ஒரு வடிவம் உண்டு.
ஆண், பெண், பொருள், எதையும் பிரிக்காது.
கொடைக்கும் அதுதான், நீங்கலுக்கும் அதுதான்:
அவர்களுக்கு,
அவர்களிடமிருந்து.
கூலியும் வாடகையும்
ஒரே உருபில் வந்து போகின்றன.

சாயங்காலம். தெருமுனையில் ஒரு பையன்,
கால்களை இறுக்கிக்கொண்டு கத்துகிறான்:
"புல்லாத்தே!"
விளி வேற்றுமை, ஆண்பால், ஒருமை.
இலக்கணப்படி அவன் மட்டும்
திரும்பியிருக்க வேண்டும்.

இருவரும் திரும்பினார்கள்.

"ஜாடி எங்கே?" என்றான் பையன்.